பிடித்த பயண நூல் படமாகி ஏமாற்றும்போது: 'ஈட் ப்ரே லவ்' வழியாக ஒரு மதிப்புரை எழுதும் முறை

விரும்பிப் படித்த நூல் ஒன்று திரைக்கு வந்து ஏமாற்றிவிட்டால், "புத்தகம் அளவுக்கு இல்லை" என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நூலை அறியாதவருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. அறிந்தவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இராது. நூலின் உயிர் எந்த இடத்தில், எந்த முடிவினால் நழுவியது என்று காட்டினால்தான் அது மதிப்புரை ஆகும். அதைச் செய்யும் வழியை, எலிசபெத் கில்பர்ட் 2006-இல் வெளியிட்ட 'ஈட் ப்ரே லவ்' நூலையும், ரயான் மர்ஃபி இயக்கத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து 2010 ஆகஸ்டில் வெளிவந்த படத்தையும் வைத்து இங்கே விளக்குகிறேன்.

மணமுறிவுக்குப் பின் ஓர் அமெரிக்க எழுத்தாளர் இத்தாலி, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில், நாட்டுக்கு நான்கு மாதமாக, ஓராண்டைக் கழித்த அனுபவமே நூல். ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்ற நூல் அது. இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. படம் கதையை மாற்றிக் கெடுத்தது என்று எளிதாகக் குற்றம் சாட்டிவிட முடியாது. மூன்று நாடுகளும் இருக்கின்றன; மனிதர்களும் ஏறத்தாழ அதே பெயர்களோடு இருக்கிறார்கள்; நூலின் வாக்கியங்கள் பல பின்னணிக் குரலாக ஒலிக்கின்றன. இத்தனையும் இருந்தும் நூலை நேசித்தவர்கள் பலர் மனநிறைவின்றியே வெளியே வந்தார்கள். உண்மையாக இருந்தும் தோற்ற தழுவல்களே ஆராய்வதற்கு ஏற்றவை.

பார்ப்பதற்கு முன்

முதலில் நூலை மறுபடி படியுங்கள். நினைவிலிருந்து எழுதினால், நூலைப் பற்றி எழுதுவதாக எண்ணிக்கொண்டு, அதைப் படித்த காலத்தைப் பற்றி எழுதிவிடுவீர்கள். படிக்கும்போது இரண்டு நிறப் பென்சில்களை வைத்துக்கொள்ளுங்கள். நடந்த செய்திகளை ஒன்றால் அடிக்கோடிடுங்கள். எழுதியவர் தம்மோடு வாதாடுவது, தம்மைக் கேலி செய்துகொள்வது, கதையை நிறுத்திவிட்டு வேறொன்றை விளக்கப் போவது ஆகியவற்றை மற்றொன்றால் குறியுங்கள். கில்பர்ட்டின் நூலில் இரண்டாவது நிறமே மிகுந்திருப்பதைக் காண்பீர்கள். இத்தாலிய மொழி எப்படி உருவானது, கவிஞர் தாந்தே அதில் என்ன செய்தார் என்று அவர் பாதையை விட்டு விலகிச் சென்று சொல்லும் பகுதி, ரோமில் அவர் உண்ட எந்த உணவைவிடவும் நூலின் சுவையைக் கூட்டுகிறது.

அடுத்து நூலின் கட்டுமானத்தைப் பாருங்கள். இந்நூல் ஜபமாலையைப் போல 108 சிறு அத்தியாயங்களாகக் கட்டப்பட்டது, நாட்டுக்கு 36. முன்னுரையை 109-ஆவது மணி என்கிறார் ஆசிரியர். 108 என்ற எண்ணின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைப்பு எழுத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி முடிந்து அடுத்தது தொடங்குவதால் காலம் முன்னும் பின்னும் போகலாம். துயரத்தை அடுத்து வேடிக்கை வரலாம். எதையும் முழுதாகச் சொல்லித் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. திரைப்படம் மாலை கோக்க முடியாது என்பது சரிதான். அதற்கு ஈடாக அது எந்த அமைப்பைக் கொண்டுவந்தது என்று கேட்பதே முறை.

தொடக்கத்தை ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது. நூல் ரோமில் தொடங்குகிறது: இத்தாலிய மொழி பழகத் துணைவரும் இளைஞர் ஒருவர் விடைபெறும் நேரம், அவர் முத்தமிட மாட்டாரா என்ற ஏக்கம், அது வேண்டாம் என்ற முடிவு. மணவாழ்க்கை முறிந்த கதை பின்னால் துண்டு துண்டாக வருகிறது. திருமணம் ஏன் முறிந்தது என்பதன் முழுக் காரணங்களைச் சொல்லப் போவதில்லை என்று ஆசிரியர் வெளிப்படையாகவே மறுத்துவிடுகிறார். படமோ பாலியில் ஒரு முன்னோட்டத்தைக் காட்டிவிட்டு நியூயார்க்குக்குப் போய், கணவர் ஸ்டீஃபனை நம் கண்முன் நிறுத்துகிறது. பில்லி கிரூடப் நடித்த அந்தக் கணவர், கொஞ்சம் நிலையில்லாதவர் என்பதைத் தவிரப் பெரிய குறையற்றவராகத் தெரிகிறார். எழுத்தாளர் ஒன்றைச் சொல்ல மறுக்கும்போது அதைக் கண்ணியம் என்று ஏற்கிறோம்; திரையில் ஒரு முகத்தைக் காட்டிவிட்டுக் காரணத்தை மறைத்தால், "இவரை ஏன் விட்டுப் போகிறாள்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி எழுந்த பிறகு நாயகியின் கண்ணீர் எல்லாம் சற்றுத் தன்னலமாகவே படுகிறது. பலர் இந்தப் படத்தின் மீது வைத்த தன்னலக் குற்றச்சாட்டுக்கு வித்து இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இரண்டு முறை பார்த்தல்

முதல் முறை குறிப்பேடு இல்லாமல் பாருங்கள். எந்த இடத்தில் சலித்தீர்கள், எந்த இடத்தில் நூலை மறந்து படத்துக்குள் போனீர்கள் என்பதை மட்டும் படம் முடிந்தவுடன் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை நேரத்தைக் குறித்துக்கொண்டு பாருங்கள். 133 நிமிடப் படத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை நிமிடம், நியூயார்க்குக்கு எத்தனை என்று கணக்கெடுங்கள். நூல் மூன்று நாடுகளுக்கும் சரிசமமாக அளந்து கொடுத்த இடத்தைப் படம் எப்படிப் பங்கிட்டது என்பது, இயக்குநர் கதையை எதுவாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அவருடைய நேர்காணல்களைவிட நம்பகமான சான்று.

பின்னணிக் குரலுக்கும் தனிக் கவனம் தேவை. நூலில் கில்பர்ட் ஒரு வாக்கியத்தில் உயரப் பறப்பார். அடுத்த வாக்கியத்தில் தம்மையே கீழே இழுத்துவிடுவார். படம் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறது. அதன் மேல் அழகான நிலக்காட்சி ஒன்றையும் விரிக்கிறது. நூலில் பேச்சாக இருந்தது படத்தில் நாட்காட்டி வாசகமாகிவிடுகிறது. ரோமில் மனச்சோர்வும் தனிமையும் இரண்டு துப்பறிவாளர்களாக வந்து, இருபுறமும் நின்று, அவருடைய பைகளைச் சோதித்து, அங்கிருந்த மகிழ்ச்சியைப் பறித்துக்கொள்வதாக நூலில் ஓர் அத்தியாயம் வருகிறது. இத்தாலிப் பகுதியின் நெஞ்சே அதுதான். அந்த இருவரையும் எதிர்த்துத்தான் அவர் சாப்பிடுகிறார். படத்தின் ரோமிலோ தட்டில் நூடுல்ஸும் தக்காளிச் சாறும் நெருக்கக் காட்சியில் மின்னுகின்றன; எதிர்ப்பக்கம் யாருமில்லை. நேப்பிள்ஸின் 'த மிகேலே' கடையில் பீட்ஸா சாப்பிடும் காட்சி நூலிலும் உண்டு, படத்திலும் உண்டு. இரண்டிலும் அதே பீட்ஸாதான். நூலில் அது ஒரு நோயாளி தேறிவரும் அடையாளம், படத்தில் ஒரு சுற்றுலாப் பயணியின் மதிய உணவு.

ஒரே ஒரு காட்சியைப் பிரித்துப் பார்த்தல்

மதிப்புரையின் நடுப்பகுதியை ஒரு காட்சியின் மீது கட்டுங்கள். பத்துக் காட்சிகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுமையாகப் பிரித்துக் காட்டினால் படிப்பவர் உங்களை நம்புவார். நூலிலும் படத்திலும் ஒரே இடத்தில் நடந்து, உள்ளடக்கம் மட்டும் வேறாகிப்போன காட்சியாக அது அமைந்தால் நல்லது. இங்கே நான் தேர்வது இந்திய ஆசிரமத்தின் மொட்டைமாடி.

நூலில் நியூஸிலாந்தைச் சேர்ந்த, குழாய்ப் பணியும் கவிதையும் தெரிந்த ஒருவர், விடுதலை பெறுவதற்கான வழிமுறைகள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கில்பர்ட்டை மாடிக்கு அழைத்துச் சென்று விட்டுவிடுகிறார். சூரியன் மறையும் நேரத்தில் தனியே அமர்ந்து, முன்னாள் கணவரை மனத்தில் அழைக்கிறார் கில்பர்ட். வருவது மனித உருவம் அன்று. இரண்டு நீலநிற ஆன்மாக்கள் சந்திக்கின்றன. அவை ஏற்கெனவே ஒன்றையொன்று மன்னித்துவிட்டன என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். காட்சி அவ்வளவுதான். இதில் நடிப்பதற்கு எதுவும் இல்லை. திரைக்கதை எழுதிய மர்ஃபியும் ஜெனிஃபர் சால்ட்டும் இங்கே திகைத்திருப்பார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அவர்கள் கண்ட வழி இரண்டு. ஒன்று, ஆசிரமத்தில் நாயகிக்கு நண்பராகும் டெக்சாஸ்காரர் ரிச்சர்டுக்கு மாடியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேடத்தில் நடித்த ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அங்கே, குடிபோதையில் தம் மகன் மீது வண்டியை ஏற்றவிருந்த நாளைச் சொல்லி அழுகிறார். படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அது. இதை மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் நூலின் ரிச்சர்ட் இப்படி ஒப்புதல் அளிப்பவர் அல்லர். என் இதயத்தைத் திறந்துவிடு என்று ஆண்டுக்கணக்கில் இறைவனை வேண்டி, கடைசியில் அறுவைச் சிகிச்சை மேசையில் நெஞ்சைப் பிளந்து திறந்துவைக்கும் நிலைக்கு வந்துசேர்ந்ததாகச் சொல்லிச் சிரிக்கிறவர் அவர். வேதனையை வேடிக்கையாக்கும் மனிதரை வேதனையை வேதனையாகவே சொல்லும் மனிதராக மாற்றியபோது, அந்த ஆசிரமத்தில் நாயகிக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்க எவரும் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது வழி, கணவரை உடலோடு கொண்டுவந்தது. கற்பனையில் ஸ்டீஃபன் வருகிறார்; இருவரும் நடனமாடுகிறார்கள்; இன்னும் நேசிக்கிறேன் என்கிறார், நேசி என்கிறாள்; பிரிவு வாட்டுகிறது என்கிறார், வாடு, என்னை நினைக்கும்போதெல்லாம் அன்பை அனுப்பிவிட்டு விட்டுவிடு என்கிறாள். நூலைப் படித்தவர் இங்கே துணுக்குறுவார். நூலில் அந்த அறிவுரை ரிச்சர்ட் கில்பர்ட்டுக்குச் சொல்வது. அதுவும் கணவரைப் பற்றியதன்று, மணமுறிவுக் காலத்தில் அவர் காதலித்த டேவிட்டைப் பற்றியது. ஒருவரிடமிருந்து பெற்ற மருந்தை அவர் இன்னொருவருக்கு எழுதித் தருவதாகப் படம் மாற்றிவிட்டது. மாணவியாக இருந்தவள் குருவாகிவிடுகிறாள். இப்படி ஒரு வசனம் வாய் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தால், மதிப்புரையின் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.

சேர்த்ததையும் வழவழப்பாக்கியதையும் தேடுதல்

விடுபட்டவற்றைப் பட்டியலிடுவதில் பொழுதைச் செலவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 108 அத்தியாயங்கள் அடங்கா என்பது எல்லாருக்கும் தெரியும். நேரம் போதாத படம், நேரம் ஒதுக்கிப் புதிதாக எதைச் சேர்த்தது என்று பாருங்கள். நூலில் துளசி, ஆசிரமத்தில் கில்பர்ட்டோடு தரை துடைக்கும், பதினெட்டு வயதை நெருங்கும் பெண்; திருமணப் பேச்சை எண்ணி அஞ்சி, பெண்களை எந்தெந்தக் குறை சொல்லி ஒதுக்குவார்கள் என்று கசப்பான வேடிக்கையோடு அடுக்குகிறவள். படம் அவளுக்குத் திருமணமே செய்துவைக்கிறது. பட்டும் பூவும் இசையும் வருகின்றன. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பழகிய குரல் அது என்பதால், அந்தக் குரல் அடங்கி மணப்பெண் கோலம் மட்டும் எஞ்சுவதை நாம் எளிதில் கண்டுகொள்வோம். வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அது கண்கவர் காட்சியாகப்படலாம். இத்தகைய இடத்தில் உங்கள் பின்புலமே உங்கள் தகுதி, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பாலியில் சேர்த்தது இன்னும் வெளிப்படையானது. ஹாவியர் பார்டெம் நடித்த காதலர் ஃபெலிபே தீவுப் பயணத்துக்கு அழைக்க, நாயகி அஞ்சி மறுக்க, ஊடல் முற்ற, வயோதிக வைத்தியர் கெத்துத் அறிவுரை சொல்ல, அவள் படகுத்துறைக்கு ஓடிவர, எல்லாம் கூடிவருகிறது. நூலின் இறுதியில் இந்த ஓட்டம் இல்லை. அங்கே இருவரும் கிலி மேனோ என்ற சிறு தீவுக்குப் போகிறார்கள். முன்பொரு முறை அதே தீவில் தன்னந்தனியே பத்து நாள் பேசாதிருந்து, தம் துயரங்களையும் வெட்கங்களையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டதை அப்போது அவர் நினைத்துப் பார்க்கிறார். தம்மைக் காப்பாற்றியது காதலன் அல்லன் என்று நூல் கடைசிப் பக்கங்களில் சொல்லும் செய்தி அந்த மௌன நாட்களில்தான் நிற்கிறது. அவற்றை எடுத்துவிட்டுப் படகுத்துறை ஓட்டத்தை வைத்தால், தன்னைத் தேடிப் புறப்பட்டவள் கடைசியில் துணையைக் கண்டடைந்தாள் என்ற, ஹாலிவுட்டில் ஆயிரம் முறை பார்த்த முடிவே கிடைக்கும்.

வழவழப்பாக்கியதற்கு வாயானின் வீடு சிறந்த சான்று. கணவரைப் பிரிந்து மகளோடு வாழும் அந்த மருத்துவச்சிக்கு வீடு கட்ட, கில்பர்ட் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஏறத்தாழ 18,000 டாலர் திரட்டுகிறார். படம் இதோடு நெகிழ்ந்து நிறுத்திக்கொள்கிறது. நூலிலோ பணம் கைக்கு வந்த பிறகும் வாயான் நிலம் வாங்காமல் நாள் கடத்துகிறார், மேலும் பணம் கேட்கிறார். கொடுத்தவர் ஏமாற்றப்படுகிறோமோ என்று குமைந்து, ஒரு பொய் மிரட்டலால் காரியத்தை முடிக்கிறார். உதவி செய்வதன் சங்கடம், பெறுபவருக்கும் தமக்கென்று கணக்குகள் இருக்கும் என்ற உண்மை, வெள்ளைக்காரப் பயணியின் அசட்டுத்தனம் எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. பாலி அமைதிச் சொர்க்கம் என்ற நம்பிக்கையையும் நூல் தீவின் வன்முறை வரலாற்றைச் சொல்லி உடைக்கிறது. படத்தின் பாலியில் நெல்வயல் பசுமையாக இருக்கிறது.

நியாயம் பார்த்தல்

நூலுக்கு உரிய குறையைப் படத்தின் கணக்கில் எழுதக் கூடாது. இந்தியா என்று சொல்லிவிட்டு ஆசிரமத்துக்குள்ளேயே இருக்கிறது என்று படத்தைப் பழிக்கத் தோன்றும். கில்பர்ட்டே நாட்டைச் சுற்றும் திட்டத்தைக் கைவிட்டு நான்கு மாதமும் அங்கேதான் இருந்தார், ஆசிரமத்தின் பெயரைக்கூட நூலில் சொல்லவில்லை. படப்பிடிப்பு தில்லிக்கு அருகே பட்டோடியில் உள்ள ஓர் ஆசிரமத்தில் நடந்தது. பணம் பற்றிய குற்றச்சாட்டும் அப்படியே. ஓராண்டு ஊர் சுற்ற யாருக்கு வசதி இருக்கிறது என்ற கேள்வி நூலுக்கும் பொருந்தும். ஆனால் எழுதப்போகும் நூலுக்காகப் பதிப்பகம் தந்த முன்பணத்தில்தான் பயணம் போனேன் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அந்த ஒரு செய்திக்குப் படம் எவ்வளவு இடம் தருகிறது என்று கவனியுங்கள்.

வணிக வெற்றியைத் தர மதிப்பீட்டோடு கலக்காதீர்கள். சுமார் 6 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 20 கோடிக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் ஒரு விற்பனைத் தொலைக்காட்சி படத்தின் பெயரால் நாள் கணக்கில் பொருட்களையும் விற்றது. ஏமாற்றம் என்பது வாசகருடையது, முதலாளியுடையது அன்று.

ஒப்பிட வேறொரு தழுவலை அருகில் வைத்தால், "இது திரையில் முடியாது" என்ற சாக்கு அடிபட்டுப்போகும். செரில் ஸ்ட்ரேய்டின் 'வைல்ட்' 2012-இல் வந்த நூல். தாயை இழந்த பெண் 1995-இல் பசிபிக் க்ரெஸ்ட் மலைத்தடத்தில் தனியே நடந்த கதை. நிக் ஹார்ன்பி எழுத்தில் ழான் மார்க் வாலே 2014-இல் அதைப் படமாக்கினார். அங்கே நினைவுகள் கோவையான பின்கதையாக வருவதில்லை. நடக்கும்போது வாய் முணுமுணுக்கும் பாட்டாக, வாக்கியம் முடியாத எண்ணமாக, நொடிப்பொழுது பிம்பமாக வெட்டி வெட்டி வருகின்றன. மனத்தின் பேச்சுக்கு ஒரு திரைவடிவம் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு வேண்டுமானால் 2003-இல் வந்த 'அண்டர் த டஸ்கன் சன்' இருக்கிறது. ஃபிரான்சிஸ் மேயஸ் தம் துணைவரோடு சேர்ந்து இத்தாலியில் பழைய வீடு வாங்கிப் புதுப்பித்ததை எழுதினார். படம் அவரை மணமுறிவில் உடைந்து தனியே வந்த பெண்ணாக்கியது. நூலில் இல்லாத சுயதேடலைக்கூடச் சேர்த்துவிடும் தொழில், இருந்ததை எளிமையாக்கியதில் வியப்பில்லை.

எழுதும்போது

நூலை ஏன் நேசித்தீர்கள் என்பதை முதற்பத்தியில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியம்தான் உங்கள் அளவுகோல். இந்த நூலுக்கு நான் எழுதுவது: "தன்னைத் தானே நம்பாத ஒருத்தி, நம்மிடம் பேசிப் பேசியே தெளிவதைக் கேட்கும் இன்பம்." பிறகு நீங்கள் தேர்ந்த காட்சி, அதன் பின் சேர்த்தவை, அதன் பின் பாராட்டு என்று போகலாம். பாராட்டை இறுதியில் ஒரு வரியில் ஆறுதல் பரிசாகக் கொடுக்காமல், உரிய இடத்தில் உரிய அளவில் கொடுங்கள். ஜென்கின்ஸின் நடிப்புக்கும் ராபர்ட் ரிச்சர்ட்சனின் ஒளிப்பதிவுக்கும் அது சேர வேண்டியதுதான். ஒளிப்பதிவு இவ்வளவு அழகாக இருந்ததே சில இடங்களில் தொல்லையாயிற்று என்றும் சேர்த்து எழுதலாம். நடிகையின் வயது, தோற்றம் பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். உலகறிந்த புன்னகை கொண்டவர் அழுக்குத் தரையில் அமர்ந்து அழும்போது நாம் பாத்திரத்தைப் பார்க்கிறோமா, நட்சத்திரத்தைப் பார்க்கிறோமா என்ற கேள்வி மட்டும் போதும்.

நூலின் வாக்கியங்களை மேற்கோள் காட்டும்போது அத்தியாய எண்ணையும் தாருங்கள். 108-இல் எது என்று சொன்னால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடிக்கொள்வார். திரையரங்கில் வந்ததைவிட நீளமான இயக்குநர் பதிப்பும் வட்டாக வெளிவந்திருப்பதால், நீங்கள் பார்த்தது எது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே குறிப்பிட்டுவிடுங்கள்.